நத்தானியேல் சாரும் கிரீன்லாந்துப் பனியும்

லண்டன்காரனுக்கு இங்கிலீஷில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவன் நேரே ஆம்பூருக்குத்தான் போன் போடுவான். எடுத்துப் பேசுகிறவர் நத்தானியேல் சார். சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். லண்டனிலிருந்து யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் வீட்டுக்குப் போன் வந்ததே தொண்ணூறுகளின் கடைசியில்தான். மழை பெய்தால் அதுவும் ஊமையாகிவிடும். ஆனால் ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தோல் கம்பெனிகளுக்கு வருகிற ஃபாக்ஸ் தாள்கள், முதலாளி மேசைக்குப் போகுமுன் சார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துபோனது நிஜம்.

கொண்டுவருகிறவர் மக்பூல் அகமது. பதனிட்ட தோலைக் கையால் தடவிப் பார்த்து இது ஒன்றாம் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்கிற வேலை அவருக்கு. ஒருமுறை ஒரு ஃபாக்ஸ் வந்து கம்பெனியே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதில் ‘ரெஸ்ட் அஷ்யூர்டு’ என்று எழுதியிருந்தது.

“ஆர்டருக்கு ரெஸ்ட் குடுத்துட்டானாம் சார். முதலாளி காலைலேர்ந்து டீகூட குடிக்கல.”

“அடப்பாவி, கவலைப்படாம இருங்கன்னு எழுதியிருக்கான்யா!”

அன்றைக்கு அந்தக் கம்பெனியிலிருந்து சார் வீட்டுக்கு ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் நிறைய பிரியாணி வந்தது. அதற்குப் பிறகு, சார் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிவிட்டால் ஆம்பூரில் யாரும் அகராதியைத் திறப்பதில்லை. முக்கியமாக, சாரே திறப்பதில்லை. கதை அங்கேதான் கெட்டது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் புவியியலும் இங்கிலீஷும் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கேத்தரின் ஷூ கம்பெனியில் தையல் பகுதி சூப்பர்வைசர். புருஷன் இறந்துபோன பிறகு தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவளுடைய ஒரே மகள் ஜெனிஃபா, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வீட்டில் புதுத்துணி எடுப்பதிலிருந்து பல் பிடுங்குவது வரைக்கும் தாய்மாமன் சொல்தான் கடைசிச் சொல்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கப்போகிற நேரத்தில் ஊரெல்லாம் ஒரே வார்த்தைதான்: மில்லேனியம். பஜாரில் மில்லேனியம் பிரியாணி என்று ஒரு போர்டு. பேக்கரியில் மில்லேனியம் கேக். செருப்புக் கடையில் மில்லேனியம் மாடல். எல்லாவற்றிலும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. சார் சைக்கிளில் ஏறிக் கடைகடையாகப் போய், “ரெண்டு எல்லு, ரெண்டு என்னு! ஒரு என்ன முழுங்கிட்டியேப்பா” என்று திருத்தினார். சர்ச்சுக் கோவில் வாசலில் கட்டிய துணி பேனரைத் தன் கையாலேயே எழுதினார். அதில் இரண்டு எல், இரண்டு என். அந்த வார்த்தைக்குக் காவல்காரராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். புத்தாண்டு வந்தது, ஆராதனை நடந்தது, கேக் தீர்ந்தது. மில்லேனியம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த வார்த்தை அவர் மனதில் ஒரு பண்டிகையின் பெயராகவே தங்கிவிட்டது. அதற்குள் ஆயிரம் வருஷம் இருக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம், 2001 தொடக்கத்தில், ஜெனிஃபாவுக்கு ஒரு வரன் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட அவளே கொண்டுவந்தாள் என்று சொல்லலாம். தரங்கம்பாடியிலிருந்து ஒரு அம்மாள் சிகிச்சைக்கு வந்து அவளுடைய வார்டில் இருந்தார். கூட வந்திருந்த மகன் பெயர் இன்பசேகரன், பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவுக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுப்பான், பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவான். அம்மாள் தேறி வீட்டுக்குப் போன பிறகும் அவன் ஏதாவது ஒரு சந்தேகம் கேட்டு வார்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். அந்தச் சந்தேகங்கள் மருந்தைப் பற்றியவை அல்ல என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். லுத்தரன் குடும்பம், நல்ல வேலை, பையனுக்குப் பிடித்திருக்கிறது, பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்தால், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முடிந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பேச்சு.

அந்த வாரம்தான் சார் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தார். கிரீன்லாந்தில் கண்டம்போலப் படிந்திருக்கிற பனியைக் கம்ப்யூட்டர் மாடலில் வைத்து விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கே குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூடு ஏறி, ‘மில்லேனியா’ நீடித்தால், அந்தப் பனி ஏறக்குறைய முழுவதும் உருகிக் கடல் ஏழு மீட்டர் உயரும். சார் அந்த வார்த்தையில் முதலில் பார்த்தது எழுத்தைத்தான். இரண்டு எல், இரண்டு என். சரியாக அச்சடித்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டார். கடைசியில் ‘யம்’ போய் ‘யா’ வந்திருப்பதை அவர் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. ‘இந்த மில்லேனியத்தில்’ என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, செய்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மக்பூலிடம்தான் முதலில் காட்டினார்.

“இன்னா சார் பேஜார் பண்ற! பாலாத்துல கால் நனையத் தண்ணி இல்ல. கடல் வந்து கழுத்தப் புடிக்குமா?”

“கம்ப்யூட்டர் மாடல்யா. சும்மா இல்ல.”

“மாடல்னா? நம்ம சாம்பிள் ஷூ மாதிரியா?”

“அதேதான்.”

“அல்லாவே! அப்ப சாம்பிள் ஓகே ஆயிடுச்சின்னா சரக்கு கப்பல் ஏறிடுமே.”

“அதத்தான்யா சொல்றேன்!”

ஆம்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வாய்க்காது. இங்கே மாடல் என்றால் வெளிநாட்டுக்காரனுக்கு முதலில் அனுப்புகிற ஒற்றை ஷூ. அவன் தலையாட்டிவிட்டால், அதே தையல், அதே நிறம், அதே குதிகாலில் அந்த சீசனுக்குள் சரக்கு போயே ஆகவேண்டும். விஞ்ஞானியும் கடலுக்கு அப்படி ஒரு சாம்பிள் செய்து பாஸ் பண்ணிவிட்டான் என்று இரண்டு பெரிய மனிதர்களும் டீக்கடை பெஞ்சில் முடிவு செய்தார்கள்.

தரங்கம்பாடிக்கு வேன் பிடித்துப் போனார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போவது வழக்கமில்லை. ஜெனிஃபா, “நான் கடல் பாக்கத்தான் வர்றேன், வீடு பாக்க இல்ல” என்று சொல்லி முன் சீட்டில் ஏறிவிட்டாள். இன்பசேகரனின் அப்பா சாமிதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காபி கொடுத்து, மீன் குழம்போடு சாப்பாடு போட்டு, நன்றாகத்தான் கவனித்தார்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் நத்தானியேல் சார் தன் பேனர் கதையை எடுத்தார். ஊர் முழுக்க ஒரு என் காணாமல் போனதும், தான் ஒருவராக நின்று அதை மீட்டதும் பெரிய பாரதமாக விரிந்தது.

சாமிதாஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எழுத்தெல்லாம் சரிதான் தம்பி. ஆனா மில்லேனியம் ரெண்டாயிரத்துல பொறக்கலையே. பூஜ்யமாம் வருஷம்னு ஒண்ணு கிடையாதுல்ல? ரெண்டாயிரத்து ஒண்ணுலதான் கணக்கு தொடங்குது. நீங்க ஒரு வருஷம் முந்திக் கேக்கு வெட்டிட்டீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அதில் வன்மம் ஏதும் இல்லை. சம்பந்தி வீட்டுச் சிரிப்பு. ஆனால் ஜெனிஃபாவும் சிரித்தாள். சுவரில் சாய்ந்து நின்றிருந்த இன்பசேகரனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். சாருக்குக் காது மடல் சுட்டது.

பிறகு எல்லோரும் கடல் பார்க்க நடந்தார்கள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் கடற்கரைச் சுவர். சாமிதாஸ் தன் சொந்தக் கொல்லைபோலக் கடலைக் காட்டி, “எம் மருமக தெனம் சாயங்காலம் இங்க வந்து காத்து வாங்கலாம்” என்றார். நத்தானியேல் சார் சட்டைப் பையில் கையை விட்டார். செய்தித் துண்டைப் பிரித்தார். கிரீன்லாந்து, பனி, கம்ப்யூட்டர் மாடல் என்று வகுப்பு எடுக்கிற குரலில் ஆரம்பித்து, கடைசியில் கடல் எவ்வளவு உயரும் என்று கையைத் தூக்கிக் காட்டினார். அந்த உயரத்தைப் பார்க்க எல்லோர் கழுத்தும் பின்னால் சாய்ந்தது. இன்பசேகரனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்பிடியெல்லாம் வராது சார்” என்றான் இன்பசேகரன்.

“தம்பி, இது நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது.”

வேன் திரும்பிவரும்போது யாரும் பாடவில்லை. போகும்போது கீர்த்தனை பாடிக்கொண்டு போனவர்கள். ஜெனிஃபாதான் பின்னால் திரும்பிக் கேட்டாள்.

“எப்போ மாமா ஏறும்?”

“இந்த மில்லேனியத்துலம்மா.”

“அது இன்னும் எவ்ளோ நாள் இருக்குது?”

“அதான் பொறந்து போச்சே, கண்ணு.”

கேத்தரின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நத்தா சொல்லிட்டான். இதுக்கு மேல இன்னா பேச்சு? தெரிஞ்சே பெத்த பொண்ணத் தண்ணில தள்ளுவாங்களா?” ஆம்பூர் வந்து சேர்வதற்குள் வரன் முடிந்துபோயிருந்தது. அடுத்த நாள் சாரே போன் செய்து, குடும்பத்தில் வேறு யோசனை இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஜெனிஃபா அழவில்லை, சண்டை போடவில்லை. வார்டுக்குப் போனாள், வந்தாள். ஒரே ஒரு மாற்றம்: மாமாவிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்தினாள். முன்பெல்லாம் மருந்து டப்பாவில் இருக்கிற ஒரு சொல் புரியாவிட்டாலும் அவரிடம்தான் கொண்டுவருவாள். இப்போது ஒரு குட்டி அகராதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அது சாருக்குத் தெரிந்தது. சிறு பெண், கோபம், போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். அடுத்த வருஷமே இன்பசேகரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது. ஜெனிஃபா பிறகு வந்த வரன்களையெல்லாம் தானே தட்டிக்கழித்தாள். காரணம் கேட்டால், “பாக்கலாம்மா” என்பாள்.

2003 கோடை விடுமுறையில் வேலூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் போட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின், பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற நேரத்தில் ஒரு பெண் பேச வந்தாள். பெயர் உமைமா, வாணியம்பாடிக்காரி. சென்னையில் கம்ப்யூட்டரில் பனி ஆராய்ச்சி செய்கிறவள். வாணியம்பாடி வெயிலில் வளர்ந்த பெண்ணுக்குப் பனி ஆராய்ச்சியா என்று ஒருவர் கிண்டல் செய்தார். “அதனாலதான் சார், ஆசையாப் பாக்கறேன்” என்றாள்.

நத்தானியேல் சார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் திரையில் கிரீன்லாந்தைப் போட்டு, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினாள்.

“ஒவ்வொரு கட்டத்துக்கும் மூணே கேள்வி. மேல எவ்ளோ பனி விழுது? எவ்ளோ உருகுது? பக்கத்துக் கட்டத்துக்கு எவ்ளோ வழியுது? பனி கல்லு மாதிரி தெரியும், ஆனா வழியும். டேனரில ஈரத்தோல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிவெச்சா அடியில இருக்கறது நசுங்கி ஓரமா பிதுங்கிவரும், பாத்திருப்பீங்க. அதேதான், ஆனா கிலோமீட்டர் கணக்குல உசரம். இந்த மூணு கணக்கையும் கம்ப்யூட்டர் வருஷா வருஷம் போட்டுக்கிட்டே போகும். மொதல்ல பழைய காலத்துலேர்ந்து ஓட்டி, இன்னிக்கு இருக்கற பனி மாதிரியே வருதான்னு பாப்போம். வந்தாதான் முன்னால ஓட்டுவோம்.”

“அப்ப அதுதான் நடக்கப்போவுது?” என்று ஒரு குரல்.

“இல்ல சார். மாடல்னா நம்ம ஊர் சாம்பிள் ஷூ கிடையாது.” கூட்டம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “இது ஒரு கேள்வி. ‘இவ்ளோ சூடு, இவ்ளோ காலம் இருந்தா இன்னா ஆவும்?’ அதுக்குத்தான் பதில். சூட்ட மாத்தினா பதிலும் மாறும். இந்த நூறு வருஷத்துக்குக் கடல் எவ்ளோ ஏறும்னு கணக்கு சொல்றாங்களே, அதுல பாதிக்கு மேல கடல்தண்ணி சூட்டுல உப்பறது. அப்புறம் மலைல இருக்கற பனி. கிரீன்லாந்து, அன்டார்டிகாவோட பங்கு இந்த நூறு வருஷத்துல கொஞ்சம்தான்னு மாடலுங்க சொல்லுது. எல்லாம் சேத்தா நாலு விரக்கடைலேர்ந்து இடுப்பு உசரம் வரைக்கும்.”

“ஏம்மா அவ்ளோ வித்தியாசம்?”

“ஜனங்க எவ்ளோ புகை விடுவாங்கன்னு தெரியாது, அது ஒண்ணு. எங்க மாடல்லயும் ஓட்டை இருக்குது, அது இன்னொண்ணு. பனி ஓரத்துல வேகமா சறுக்கிக் கடல்ல விழறது எங்களுக்கு இன்னும் சரியாப் புடிபடல. தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும்.”

நத்தானியேல் சார் எழுந்தார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே பேனாதான் இருந்தது.

“அம்மா, ஏழு மீட்டர் ஏறும்னு ஒரு கணக்கு வந்துச்சே. அது எப்போ?”

“நல்ல கேள்வி சார். ஓட்டியே காட்டறேன். மூலைல வருஷம் ஓடும், அதப் பாருங்க.”

ஓடியது. திரையின் மூலையில் 2100 வந்தது. கிரீன்லாந்து அப்படியே இருந்தது. 2300 வந்தது, ஓரம் கொஞ்சம் கடித்த பிஸ்கட்போல ஆனது. 2500. 2800. சார் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார். மூவாயிரமாம் ஆண்டு வந்தபோதும் பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது. எண் மேலும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆனா மில்லேனியத்துலன்னு போட்டிருந்தானே” என்றார்.

“மில்லேனியான்னு போட்டிருப்பாங்க சார். ஆயிரங்கள். பல ஆயிரம் வருஷம் அந்தச் சூடு நின்னா.” அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். “ப்ளூரல்.”

பின் வரிசையிலிருந்து ஒரு வாத்தியார் குரல் கொடுத்தார்: “யாருக்கும்மா ப்ளூரல் சொல்லித்தர்ற? நத்தானியேல் சாருக்கா? எங்களுக்கே அவருதான் சொல்லித்தருவாரு!” கூடம் முழுக்கச் சிரிப்பு. தூங்கியவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். அது அவரைப் பாராட்டுகிற சிரிப்பு என்பதுதான் தாங்கவில்லை. டேட்டம் ஒருமை, டேட்டா பன்மை. பாக்டீரியம், பாக்டீரியா. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட மனுஷன். உட்கார்ந்தார்.

ஆம்பூருக்குத் திரும்பியதும் நேரே மக்பூலிடம் போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முகாமில் நடந்ததைச் சொன்னார்.

மக்பூல் தலையில் கை வைத்துக்கொண்டார். “அரே சார்! ஒரு ‘யா’வுல ஒரு நிக்காவ ஒடச்சிட்டியே.”

“உனக்குக் கூடத்தான் சாம்பிள்னு தோணுச்சு.”

“நான் தோலப் படிச்சவன். நீ எழுத்தப் படிச்சவன். என்கூட ஏன் நிக்கற?” டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “போய்ப் பொண்ணுகிட்ட சொல்லிடு தோஸ்த்” என்றார்.

“அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?”

“ஒண்ணும் ஆவாது. ஆனா அந்தப் பொண்ணு, கடலுதான் தன் கல்யாணத்த முழுங்கிச்சின்னு நெனச்சிக்கினு இருக்குது.”

சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குள் போவார்; ஜெனிஃபா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வெளியே வந்துவிடுவார். இங்கிலீஷ் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். ஃபாக்ஸ் வந்தால், கண்ணாடி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். சார் தளர்ந்துவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது.

2004 கிறிஸ்துமசுக்கு மறுநாள் கடல் வந்தது.

அந்த நாளைப் பற்றி நான் ஒன்றும் ஊதமாட்டேன். டி.வி.யில் கண்டதைக் கண்டவர்கள் மறக்கவில்லை. தரங்கம்பாடி என்ற பெயர் செய்தியில் வந்ததும் கேத்தரின் ஓடிவந்து தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எம்பொண்ணக் காப்பாத்திட்டடா நத்தா. கர்த்தர் உன் வாய்ல பேசினாருடா!” சார் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

ஊர் முழுக்கப் பரவியது. ஷூ கம்பெனிகள் நிவாரணத்துக்குச் செருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தன. லாரியடியில் நின்றவர்கள் சாரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். “அன்னிக்கே சொன்னாரு” என்று கிசுகிசுத்தார்கள். கடலுக்கு அடியில் நிலம் நடுங்கி எழுந்த அலை அது. கிரீன்லாந்தில் ஒரு துளி உருகாமலிருந்தாலும் வந்திருக்கும். புவியியல் வாத்தியாருக்கு அது தெரியாதா? தெரியும். வாயைத் திறந்து அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு இன்னும் மெச்சினார்கள். யாரோ செத்துப்போன இடத்திலிருந்து அவருக்குப் பெயர் வந்துகொண்டிருந்தது.

ஜனவரி முதல் ஞாயிறு சபையில் அவர் கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டார். மறுக்க ஒரு காரணம் தேடினார். கிடைத்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெனிஃபா வீடு வந்தாள். ஆஸ்பத்திரி மருத்துவக் குழுவோடு கடலோரம் போயிருந்தவள். குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“தரங்கம்பாடில அவங்களப் பாத்தேன் மாமா. எல்லாரும் சர்ச்சுல இருந்திருக்காங்க, பொழைச்சிட்டாங்க. வீட்டு முன்பக்கம் இல்ல. அவரு முகாம்ல பசங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தாரு.” தலை துவட்டின துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அவங்க கொழந்தைக்கு நான்தான் ஊசி போட்டேன். ‘உங்க மாமா நல்லா இருக்காரா’ன்னு கேட்டாரு.”

கேத்தரின் அடுப்படியிலிருந்து, “பாத்தியா! உன் மாமன் மட்டும் அன்னிக்குச் சொல்லலன்னா, அந்த வீட்டு முன்பக்கத்துல நீயில்ல நின்னிருப்ப!” என்றாள்.

ஜெனிஃபா துண்டைக் கீழே வைத்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிற பார்வை. சார் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். மக்பூல்கூட வந்து காம்பவுண்டுக்குள் ஒதுங்கி நின்றிருந்தார். போதகர், “நம்மிடையே ஒரு தீர்க்கதரிசி” என்று ஆரம்பித்ததும் சார் எழுந்துவிட்டார். மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். பெண்கள் பக்கம் கேத்தரின் ஏற்கனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெனிஃபா.

“நான் தீர்க்கதரிசி இல்ல” என்றார். சபை “ஆமென்” என்றது, தாழ்மையாகப் பேசுகிறார் என்று. “இல்லங்க, கேளுங்க. இந்த அலை பூமி நடுங்கினதால வந்தது. நான் சொன்னது பனி உருகறதப் பத்தி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.”

முனகல் எழுந்து அடங்கியது.

“நான் சொன்ன பனியும் தப்பு. பேப்பர்ல மில்லேனியான்னு போட்டிருந்தான். பல ஆயிரம் வருஷம்னு அர்த்தம். நான் மில்லேனியம்னு படிச்சேன். பன்மைய ஒருமையாப் படிச்சேன். இந்த நூறு வருஷத்துக்கு இடுப்பு உசரத்துக்கு மேல சொல்லல விஞ்ஞானிங்க. அதுவும் இப்படி நடந்தா இவ்வளவுன்னு சொல்ற கணக்கு, வாக்கு இல்ல. இது எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ஒரு நல்ல குடும்பத்துல எம்பொண்ணு வாழப்போறதக் கெடுத்தேன். நீங்கல்லாம் என் கையப் புடிச்சி நன்றி சொல்றப்ப...” கேத்தரினின் முகத்தைப் பார்க்க முடியாமல் மைக்கைப் பார்த்தார். “அது ஒரு எழுத்துப் பிழைங்க. ஏழு மீட்டர் ஏறும்னு நான் சொன்னது, ஒரு வார்த்தையத் தப்பாப் படிச்சதால வந்த பிழை. அவ்வளவுதான்.”

போதகர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஜெனிஃபா எழுந்துவிட்டாள். கத்தவில்லை, வார்டில் மருந்துச் சீட்டைத் திருத்துகிற குரலில்தான் பேசினாள்.

“ஏழு மீட்டர்னு நீங்க சொல்லல மாமா. அன்னிக்கு அவங்கப்பா உங்களத் திருத்தினாரு, நாங்க சிரிச்சோம். அப்புறம் கடற்கரைச் சுவத்துகிட்ட நின்னுக்கிட்டு, ஏழு பனைமர உசரம்னு சொன்னீங்க. மில்லேனியாவத் தப்பாப் படிச்சா மீட்டர் எப்பிடி மாமா பனைமரம் ஆவும்?”